வெங்கச்சங்கல்

சார் இன்னும் வரவில்லை. பதினொரு மணிக்கு வகுப்பு என்று போட்டிருக்கிறார்கள், பத்து ஐம்பத்தாறு ஆகிறது, செல்போனில் ஒரு மலைப்படம் மட்டும் அசையாமல் நிற்கிறது, அதற்கடியில் எண்ணிக்கை ஏறுகிறது, நாற்பத்திரண்டு பேர், நாற்பத்தேழு பேர், எல்லோரும் என்னைப் போலத்தான் காத்திருக்கிறார்கள். போனை ஜன்னல் திண்டில் சாய்த்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி நல்லம்மா அடுப்படியில் தேங்காய் துருவுகிறாள், அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் அவள் இந்தப் பக்கம் வர மாட்டாள். வந்தாலும் ஒன்றும் கேட்கப் போவதில்லை, சனிக்கிழமையானால் இவர் கல்லுப் பாடம் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும், முப்பத்து மூன்று வருசம் கல்லில் ஓட்டை போட்டது பத்தாதென்று இப்போது பாடம் வேறு என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தால் இருமல் வருகிறது என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாளா, தெரியவில்லை. பத்து ஐம்பத்தேழு.

போன தை மாதம் எதேச்சையாகத்தான் இந்தச் சார் எனக்குக் கிடைத்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி ஓடுகிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேலையை விட்டு மூன்று வருசமாகியும் அந்தக் கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை, யாரோ ஒருத்தன் சத்தீஸ்கரில் ராடு இறக்குவதை இங்கே திருச்செங்கோட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன், அது முடிந்ததும் தானாக இன்னொரு வீடியோ ஓடத் தொடங்கியது, வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் அலுமினியத் தட்டில் நாலு கல்லை வைத்துக்கொண்டு, “வாங்க, வாங்க, வராதவங்கல்லாம் கையத் தூக்குங்க” என்றார். நத்தர்ஷா சார். திருச்சியில் ஏதோ காலேஜில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்துதான் நடத்துகிறார், நடுவில் குக்கர் விசில் அடிக்கும், “மூணாவது விசிலுக்கு நான் எந்திரிச்சுப் போவேன், இல்லாட்டி எனக்குச் சோறு கிடையாது” என்று சொல்லிவிட்டு நிஜமாகவே எழுந்து போவார். அன்றைக்கு எங்கள் மலையைப் பற்றித்தான் பேசினார். இந்த மலையேறிக் கும்பிட்டவங்க எத்தனை ஆயிரம் பேர், இது என்ன கல்லுன்னு கேட்டவங்க எத்தனை பேர் என்றார். பூமிக்கு அடியில் கல் உருகிக் கிடந்ததாம், மேலே வர வழியில்லாமல் அங்கேயே மெதுவாக ஆறியதாம், அடுப்பை அணைத்து மூடி வைத்த பாலில் தடித்து ஏடு கட்டுவதுபோல அவசரமில்லாமல் ஆறியதால்தான் மணிமணியாகப் பளபளக்கிறதாம், ஐம்பது கோடி வருசத்துக்கு மேலாகிறதாம். அதைச் சுற்றியிருக்கிற கறுப்புக் கல் அதைவிடப் பழசு, இருநூற்றைம்பது கோடி. நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தேன். அறுபத்தொரு வருசமாகப் பார்க்கிற மலை. அந்தக் கறுப்புக் கல்லை எனக்குத் தெரியும், அதற்குள் ஆயிரம் அடி வரைக்கும் போயிருக்கிறேன், அதன் தூள் எந்தச் சாம்பல் நிறத்தில் வரும், ஈரம் தட்டும்போது எப்படி நிறம் மாறும், எல்லாம் தெரியும். பேரும் வயசும் மட்டும் தெரியாது. ஒரே வீட்டில் முப்பது வருசம் குடியிருந்துவிட்டு வீட்டுக்காரர் பேரை யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதுபோல இருந்தது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை கூட விட்டதில்லை.

வந்துவிட்டார். கண்ணாடியைத் துடைக்கிறார். “எல்லாரும் சாப்பிட்டாச்சா? இன்னிக்குச் சாப்பிடற மாதிரியே ஒரு கல்லு கொண்டாந்திருக்கேன்” என்று தட்டிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். எனக்குத் தெரியும் அது என்னவென்று. போன வாரமே சொல்லிவிட்டார், அடுத்த வாரம் வெங்கச்சங்கல், இங்கிலீஷில் குவார்ட்ஸ் என்று. கல்கண்டுக் கட்டிபோல வெள்ளையாக அவர் உள்ளங்கையில் இருக்கிறது. இதைப் பார்த்து எனக்கு ஏன் இப்படி வியர்க்க வேண்டும்? சின்ன வயசில் தங்கச்சி பாவாயியும் நானும் காட்டில் பொறுக்கி வந்து கதவைச் சாத்திவிட்டு இருட்டில் இரண்டையும் உரசுவோம், கல்லுக்குள்ளேயே ஒரு மஞ்சள் வெளிச்சம் மினுங்கும், மூக்கருகே கொண்டுபோனால் கருகின வாசனை வரும், பாவாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு மோந்து பார்த்துவிட்டு, “அண்ணா, நாஞ் சுட்டுட்டன்” என்று விரலை ஊதுவாள். அப்போது அவளுக்கு ஆறு வயசு. நான் பதினொன்று. அதே வாசனைதான் போர் வண்டியின் பிட்டு, துளைக்கிற அந்த இரும்பு முனை, இந்தக் கல்லில் போய் மோதும்போது வரும். சத்தமும் மாறும். கறுப்புக் கல்லில் மத்தளம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது திடீரென்று கீச்சென்று உயரும், தூள் வெள்ளையாகிவிடும், பச்சரிசி மாவு, அத்தனை வெள்ளை. வெள்ளை வந்தால் எங்களுக்குச் சந்தோசம், பக்கத்தில் வெடிப்பு இருக்கும், வெடிப்பில் தண்ணீர் இருக்கும். “மாப்ள, மாவு வருது பாரு” என்று நான் லீவரைப் பிடித்துக்கொண்டு கத்துவேன், அத்தியப்பன் குழியோரம் நின்றபடி கையைத் தூக்கிக் காட்டுவான், அவன் தலை, புருவம், காது எல்லாம் மாவு. பாவாயியின் புருசன். நான் பார்த்துக் கட்டி வைத்த மாப்பிள்ளை. நான்தான் வண்டிக்கும் கூட்டிப் போனேன்.

சார் பேசிக்கொண்டிருக்கிறார், நான் கேட்க வேண்டும். “விருந்து முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சப்பறம் பாத்திரத்துல கொஞ்சம் வெந்நீர் மிஞ்சும் இல்லையா? அந்த மாதிரி, பெரிய பாறை எல்லாம் இறுகி முடிஞ்சப்பறம், கடைசியா மிஞ்சின கொதிதண்ணி, அது இண்டு இடுக்குல எல்லாம் பூந்து, ஆறி ஆறி, தன்கிட்ட கரைஞ்சிருந்த சிலிக்காவை அப்படியே விட்டுட்டுப் போச்சு. அதான் இது. இந்தக் கல்லைக் கொண்டாந்ததே தண்ணிதான்.” தண்ணி. தண்ணி கொண்டுவந்தது. தண்ணி இல்லாமல் நான் அடித்தது. போதும், அந்தப் பக்கம் போகாதே. சார் சுரண்டிக் காட்டுகிறார், இரும்பு ஆணியால் கீறினால் கல்லில் கோடு விழவில்லை, ஆணியின் இரும்புதான் கல்லில் ஒட்டியிருக்கிறது. “எதுக்கும் அசையாது. வெயில், மழை, காத்து, கோடிக்கணக்கான வருசம், மத்ததெல்லாம் மண்ணாப் போயிரும், இது மட்டும் மணலா நிக்கும். கரையாது.” கரையாது என்று சொல்லிவிட்டு ஒரு நிமிசம் நிறுத்தினார். என் கேள்வியை நினைத்துத்தான் நிறுத்தினாரா? செவ்வாய்க்கிழமை எழுதிய கேள்வி. எனக்கு விரலால் எழுத வராது, போனில் பேசினால் அதுவே எழுதும் என்று பையன் சொல்லிக் கொடுத்திருக்கிறான், பேசினேன், அது வெங்காயச் சங்கிலி என்று எழுதியது, அழித்துவிட்டு மறுபடி பேசினேன், மூச்சு வாங்கியதால் நடுநடுவே சொல் அறுந்தது, கடைசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி நாற்பது நிமிசத்தில் எழுதி முடித்தேன். வெங்கச்சங்கல் தூளை வருசக்கணக்கில் சுவாசித்தால் மனிதனுக்கு என்ன ஆகும். இப்படிக்குச் செங்கோட்டுவேலு, போர் வண்டி, திருச்செங்கோடு. அன்றைக்குச் சாயங்காலமே பதில் வந்திருந்தது. முக்கியமான கேள்வி ஐயா, சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் பதில் சொல்கிறேன். எல்லோர் முன்னாலும் எதற்கு? எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் போதாதா?

எனக்குப் பதில் தெரியாமல் கேட்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் எக்ஸ்ரே கவர் இருக்கிறது. இரண்டு மாசமாக இருக்கிறது, நல்லம்மா கூட்டும்போது துடைப்பம் அங்கே போகுமோ என்று ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். சேலத்தில் அந்த டாக்டர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, “என்ன வேலை பாத்தீங்க?” என்றார். போர் வண்டி என்றேன். மேலும் கீழும் பார்த்தார். “பழைய டீபீ மாதிரியும் இருக்கு, கல்லுத் தூசி மாதிரியும் இருக்கு, ஸ்கேன் எடுத்தாத்தான் சொல்ல முடியும்.” நானும் பார்த்தேன். கறுப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, மேல் பக்கம் நெருக்கமாக. எனக்கு ஸ்கேன் வேண்டியிருக்கவில்லை, அந்தப் படத்தை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன், அச்சு அசலாக அதே படம், ஆனால் மேலே எழுதியிருந்த பேர் வேறு. அத்தியப்பன், வயது ஐம்பது. டீபீ என்றார்கள். ஆறு மாசம் மாத்திரை, சரியாகவில்லை, மறுபடியும் எட்டு மாசம், ஊசி, அதற்கும் சரியாகவில்லை. மருந்து கேக்கல, ஏன்னா ஒழுங்கா சாப்புட்டிருக்க மாட்டான், ஏன்னா குடிப்பான். அப்படித்தான் நான் நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டும் சொன்னேன். ஏழு வருசம் முன்னால் அவனைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்து ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் பந்தலில் உட்கார்ந்திருக்க, யாரோ எப்படீங்க ஆச்சு என்று கேட்டதற்கு, “குடிய விட்டிருந்தான்னா இருந்திருப்பான்” என்றேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பாவாயி நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அத்தியப்பன் குடித்தான், பொய்யில்லை, நானும் குடித்தேன், வண்டியில் எல்லோரும் குடித்தோம், நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்றவனுக்கு வேறு எப்படித் தூக்கம் வரும். ஆனால் அவன் சாம்பல் ஆறுவதற்குள் அந்தப் பேச்சு எதற்கு என் வாயில் வந்தது? நான் எதையாவது மூடி மறைக்கப் பார்த்தேனா? அப்போதே எனக்குத் தெரியுமா? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரியாதவன் ஏன் யாரும் குற்றம் சொல்வதற்கு முன்னால் அவ்வளவு அவசரமாகப் பதில் சொன்னான்.

ராய்ச்சூர்ப் பக்கம். சித்திரை வெயில். ஊர்ப் பேர் மறந்துவிட்டது, ஒரு வேப்ப மரம்கூட இல்லாத இடம், ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரு டேங்கர் தண்ணி, அதில் எங்களுக்கு இரண்டு டிரம் கொடுத்திருந்தார்கள். காற்றோடு கொஞ்சம் தண்ணியையும் சேர்த்து உள்ளே அனுப்பினால் தூள் சேறாகக் குழைந்து மேலே வரும், பறக்காது. ஆனால் வேகம் குறையும், சேறு ராடைக் கவ்விப் பிடிக்கும். நூற்றெண்பது அடிக்கு மேல் வெங்கச்சங்கல் வந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும், பக்கத்து வண்டிக்காரன் அந்த வாரம் ஏழு போர் போட்டிருந்தான், நாங்கள் ஐந்து. நான் தண்ணி வால்வை மூடினேன். இந்தக் கைதான். காற்று என் முதுகுப் பக்கமிருந்து அடித்தது, நான் லீவரோடு மேலே நின்றிருந்தேன், தூள் எல்லாம் அத்தியப்பன் பக்கம் போனது. ராடு மாற்றும்போது அவன் முகத்தில் கட்டியிருந்த துண்டை இறக்கிவிட்டு, “மச்சான், சித்தெ தண்ணி விடுங்க, கண்ணே தெரியல” என்றான். “இன்னும் நாப்பதடிதான் மாப்ள, தாங்கு” என்றேன். அவன் துண்டை மறுபடி ஏற்றிக் கட்டினான். அது நாற்பது அடியில் முடியவில்லை. அறுபதாயிற்று, எண்பதாயிற்று. அந்த ஒரு போர் மட்டும் அவனைக் கொன்றிருக்காது, எனக்குத் தெரியும், பதினாலு வருசத்தில் எத்தனையோ இடம், எத்தனையோ நாள் தண்ணி இல்லாமல் அடித்திருக்கிறோம், எல்லா வண்டியிலும் அப்படித்தான், என் மூக்கிலும்தான் போயிற்று, இல்லையென்றால் பீரோவுக்குப் பின்னால் எதற்கு அந்தப் படம் இருக்கிறது. ஆனால் மற்ற நாளெல்லாம் மறந்துபோய், துண்டை மறுபடி ஏற்றிக் கட்டிய அந்த இரண்டு கை மட்டும் ஏன் நிற்கிறது. அவன் கோபப்பட்டிருக்கலாம். கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டினான், நின்றான்.

விசில். மூன்றாவது. சார் எழுந்து போகவில்லை. திரும்பிப் பார்த்து, “அணைச்சிரும்மா” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் தட்டின் பக்கத்தில் வைக்கிறார். “இப்ப ஒரு கேள்வி. திருச்செங்கோட்டுல இருந்து செங்கோட்டுவேலு ஐயா கேட்டிருக்காரு.” என் பேர் அவர் வாயில் வந்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது, யாரோ வகுப்பில் எழுப்பி நிறுத்தியதுபோல உண்மையிலேயே பாதி எழுந்துவிட்டேன். முழுக் கேள்வியையும் படிக்கிறார். “முப்பத்தொரு வருசம் நான் பாடம் நடத்தினேன். இந்தக் கல்லோட கடினம் ஏழுன்னு சொல்லிக் குடுத்தேன். பரீட்சையில கேட்டேன், மார்க்குப் போட்டேன். இதோட தூள் ஒரு மனுசனை என்ன செய்யும்னு ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை. என்கிட்டப் படிச்ச எத்தனையோ பேரு குவாரிக்கு வேலைக்குப் போனாங்க. அவங்களுக்கும் சொல்லலை.” கறுப்புத் துணியை விரித்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, இரண்டு வெங்கச்சங்கல்லை ஒன்றோடு ஒன்று இடிக்கிறார். துணியில் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி. “கண்ணுக்குத் தெரியற இந்தப் பொடி அவ்வளவு கெடுதல் இல்லை, மூக்குலயே நின்னுரும். தெரியாம பறந்தது ஒண்ணு இருக்கு பாருங்க, அதான் ஆழத்துக்குப் போகும். போனது கரையாது. உடம்பு அதை வெளிய தள்ள முடியாம, சுத்திச் சுத்தித் தழும்பு கட்டும். தழும்புல மூச்சு நுழையாது. வருசக்கணக்குக் கழிச்சுத்தான் தெரியும். பாதிப் பேருக்கு டீபீன்னு மருந்து குடுத்துட்டு இருப்பாங்க, சில பேருக்கு டீபீயும் சேர்ந்தே வரும்.” தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி இடிக்கிறார். சேறு மாதிரி கல்லிலேயே ஒட்டிக்கொள்கிறது, துணி கறுப்பாகவே இருக்கிறது. “தண்ணி விட்டு அடிச்சாப் பெரும்பாலும் பறக்காது. அவ்வளவுதான்.” அவ்வளவுதான். அவ்வளவுதானா சார்? இரண்டு டிரம் இருந்தது. அதில் பாதியைக் குளிப்பதற்கு வைத்துக்கொண்டோம். “ஐயா, நீங்க பாத்துட்டு இருந்தீங்கன்னா, நுரையீரல் டாக்டர்கிட்ட நாளைக்கே போங்க. என்ன வேலை செஞ்சோம்னு மறைக்காம சொல்லுங்க. உங்களோட வேலை பாத்தவங்களையும் கூட்டிட்டுப் போங்க.”

கூட வேலை பார்த்தவர்களை. எண்ணிக்கை நூற்றெண்பத்தாறு பேர் என்று காட்டுகிறது. யார் யாரோ கும்பிடுகிற கைப்படம் போடுகிறார்கள். சார் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ ஆற்று மணலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார், குரல் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. எனக்கு ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை. மேலே ஒரு கல்லை ஏற்றி வைத்ததுபோல நெஞ்சு இருக்கிறது, இது பயமா, நோயா, இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராவது இருந்தால் தேவலை. பாவாயிக்குச் சொல்ல வேண்டும். இன்றைக்கு வேண்டாம், பையன் வந்ததும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ச் சொல்லலாம். நேரில் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. அப்படியானால் சொல்லாமலே இருந்துவிட்டால்? அவள் பாட்டுக்கு வையப்பமலையில் தறிக்குப் போகிறாள், மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள், புருசன் குடித்துச் செத்தான் என்று ஊர் சொல்வது பழகியிருக்கும், இப்போது போய் அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது. என்ன ஆகப்போகிறது. இப்படித்தான் இரண்டு மாசமாக ஓட்டினேன். வகுப்பை நிறுத்தினேன். சார் முகம் மறைந்தது. அவள் பேரைத் தொட்டேன், தொட்ட பிறகுதான் என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்று தெரிந்தது. மூன்று தரம் மணியடித்தது. எடுக்கவேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்ண்ணா.”

“பாவாயி, வேலைல இருக்கறயா?”

“சனிக்கெழம கரண்டு இல்லீங். ஊட்டுலதான் இருக்கறன். ஏனுங்ண்ணா, அண்ணிக்கு ஒடம்புக்கு ஏதாச்சும்...”

“அதெல்லாம் இல்ல. மாப்ளையப் பத்தி ஒண்ணு சொல்லோணும்.” அந்தப் பக்கம் எங்கோ ஒரு கோழி கத்துகிறது. நான் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொல்லப் பார்த்தேன், என்னிடம் ஒரே மூச்சு என்று ஒன்று இல்லை, நாலு நாலு சொல்லாகத்தான் வந்தது. அது குடியில்ல, பாவாயி. டீபீயும் இல்ல. கல்லுத் தூள். தண்ணி விட்டு அடிச்சிருக்கோணும். அவன் கேட்டான். நான் விடல. நாந்தான் வால்வ மூடினேன். பந்தல்ல உக்காந்து அப்படிப் பேசினனே, அது தப்பு. எனக்குத் தெரியல. இப்பத்தான் தெரிஞ்சுது. சொல்லி முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமினேன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினேன், தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது, மறுபடி தொடங்கியது. போனைக் காதில் வைத்தபோது அவள் வைத்துவிட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

“எனக்குத் தெரியுமுங்ண்ணா” என்றாள்.

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“கடசியா ஒரு டாக்டரம்மாகிட்டப் போனமில்லீங்களா, அவிய சொன்னாங்க. கல்லுல வேல செஞ்சதுனாலதான் இப்படின்னு. அவருக்கும் தெரியுமுங். ஊட்டுக்கு வந்து ரெண்டு நாளு பேசவே இல்ல. அப்பறஞ் சொன்னாரு, மச்சானுக்குச் சொல்லாத, தெரிஞ்சா அவருக்குச் சோறு எறங்காதுன்னு. எங்கிட்டச் சத்தியம் வாங்குனாருங்ண்ணா. அதான் நீங்க பந்தல்ல குடின்னு சொன்னப்பக்கூட... சரி, அப்படியே இருந்துட்டுப் போவுதுன்னு உள்ள போயிட்டன்.”

துண்டை ஏற்றிக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் அப்படி நின்றான், அப்புறம் இவள் ஏழு வருசம் நின்றிருக்கிறாள், நான் சொன்ன சொல்லைத் தன் புருசன் பேரில் ஊரே சொல்லக் கேட்டுக்கொண்டு. அவள்தான் பேசினாள். குரல் இப்போது வேறு மாதிரி, அவசரமாக, எதையோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டதுபோல.

“அண்ணா, இப்ப எதுக்கு இருமுனீங்க? உங்களுக்கு எப்படி இருக்குது?”

பரவால்ல என்று சொல்லப் போனேன். நல்லம்மாவிடம், பையனிடம், பழைய வண்டிக்காரர்களிடம், எதிர்வீட்டுக்காரரிடம், எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே இருக்கிற சொல். “மாடிப்படி ஏற முடியல, பாவாயி” என்றேன். “போட்டோ எடுத்தாங்க. மாப்ளைக்கு இருந்த மாதிரியேதான் இருக்குது.”

அவள் அழுகிறாள் என்று முதலில் புரியவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. “அவரு போனதுக்கப்பறம் நீங்க எத்தன வருசம் வண்டிக்குப் போனீங்க?” அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தேருக்கும் நான் ஊருக்கு வந்து திரும்புகிறதைப் பார்த்தவள்தானே. “நாலு” என்றேன். “அன்னிக்கே நாஞ் சொல்லியிருந்தா...” என்று அவள் தொடங்கினாள், “சத்தியமாவது மண்ணாவதுன்னு சொல்லியிருந்தா, நீங்க அதுக்கப்பறம் வண்டியேறியிருக்க மாட்டீங்கல்லங்ண்ணா?” நாலு வருசம். பஸ்தர் ஒரு வருசம், அனந்தப்பூர் இரண்டு, கடைசியில் மறுபடி ராய்ச்சூர். சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா? விட்டிருப்பேன் என்றுதான் நெஞ்சு சொல்கிறது. பயந்தவன் நான், அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே இறங்கியிருப்பேன், வாட்ச்மேன் வேலைக்காவது போயிருப்பேன், இந்த நாலு வருசத் தூள் உள்ளே போயிருக்காது. போயிருக்காது. அந்த எண்ணம் ஒரு நொடி அவள்மேல் கோபமாகக்கூட வந்தது, வந்ததும் எனக்கே கூசியது.

“போயிருப்பன்” என்றேன். “எனக்கு வேற என்ன வேல தெரியும்? சொன்னாலும் போயிருப்பன், பாவாயி.”

“நெசமாலுமாங்ண்ணா?”

“நெசமா.”

நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு, “பதினொண்ணே முக்கால் வண்டி போயிருக்கும், பன்னண்டரைக்கு ஒண்ணு இருக்குது, அதுல வாரன். அந்தப் போட்டோவ எடுத்து வெய்யுங்க. அண்ணிக்குத் தெரியுமா?” என்றாள். தெரியாது என்றேன். “நான் வந்து சேர்றதுக்குள்ள சொல்லிருங்க. நான் வந்துதான் அவிய தெரிஞ்சுக்கறாப்புல வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் எனக்கு யாரும் இப்படி உத்தரவு போட்டு வெகுநாளாயிற்று. பீரோவை நகர்த்தத் தேவையில்லை, கையை விட்டால் எட்டும், கவர் மேலே கொஞ்சம் ஒட்டடை, துடைத்தேன். அடுப்படி வரைக்கும் பதினெட்டு எட்டு எடுத்து வைத்தேன். வாசற்படியில் நின்று மூச்சு சேர்த்துக்கொண்டேன். நல்லம்மா திரும்பிப் பார்த்தாள், என் முகத்தை, கையிலிருந்த கவரை, மறுபடி முகத்தை.

“பாவாயி வரா” என்றேன். “அரிசி கொஞ்சம் சேத்துப் போடு.”

அத்தியப்பன் போனதிலிருந்து பாவாயி இந்த வீட்டில் கை நனைத்ததில்லை. பையன் கல்யாணத்துக்கு வந்தாள், சீர் வைத்தாள், பந்தி போடுவதற்கு முன்னால் பஸ் ஏறிவிட்டாள். நல்லம்மா தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள்.

“சாப்புடுவாளா?”

“தெரியல” என்றேன். “நீ ஆக்கு. அடுப்பப் பத்த வெச்சுட்டு இங்க வந்து உக்காரு, உங்கிட்ட ஒண்ணு காட்டோணும்.”